சில்லிலிருந்து சரம் வரை

சின்னமனூர்ப் பக்கம் வாய்க்கால் பாலத்தில் யாரோ குடித்துவிட்டு எறிந்த ஒரு பச்சை பாட்டில் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்து ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கம், நடு உடல் சில்லு சில்லாக வயலுக்குள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு இது. அடுத்த நடவுக்குச் சேற்றில் கால் வைக்கிறவருக்கு அந்தச் சில்லு கண்ணில் படாது. குத்திய பிறகுதான் தெரியும். வைக்கோல் மக்கும், சாணி மக்கும், மாட்டுக் கொம்புகூட ஒருநாள் மக்கிவிடும். கண்ணாடி மக்காது. இன்னும் எத்தனையோ தலைமுறை நடவாட்களின் காலைக் குத்த அது அங்கேயே கிடக்கும்.

மக்காத அதே குணத்தால்தான் அது மணியாகவும் முடிகிறது. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறைவதில்லை. காகிதத்தை மறுபடி மறுபடி கூழாக்கினால் நார் குட்டையாகிப்போகும். பிளாஸ்டிக் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கீழே இறங்கும். கண்ணாடிக்கு அந்தத் தேய்மானம் கிடையாது. தேய்ந்துகொண்டிருப்பது அதை மணியாக்கத் தெரிந்த கைகள். ஒரு சில்லு மணியாகிச் சரத்தில் சேரும் வழியை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போனால் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: பொருளுக்குப் பஞ்சமே இல்லை, கைக்குத்தான் பஞ்சம்.

மணலும் சோடாவும் சுண்ணாம்பும்

அந்தப் பாட்டிலின் பிறப்பு மணலில். சாதாரண பாட்டில் கண்ணாடியில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் மணலிலிருந்து வரும் சிலிக்கா. அதைத் தனியாக உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா சாம்பலைச் சேர்த்தால் உருகும் வெப்பநிலை இறங்கும். ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். கரையாமல் காப்பது சுண்ணாம்பு. இந்த மூன்றையும் கலந்து ஆலையில் ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருக்குகிறார்கள். பச்சை நிறம் இரும்பாலும் குரோமியத்தாலும் வருகிறது. பீர் பாட்டிலின் தேன் நிறத்துக்கு இரும்பு, கந்தகம், கரி. நீலத்துக்குக் கோபால்ட்.

ஆலைக்காரர்கள் உடைந்த கண்ணாடியை விரும்பி வாங்குவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை உருகியது மறுமுறை உருக அவ்வளவு வெப்பம் கேட்பதில்லை. கலவையில் 10 சதவீதம் சில்லு சேர்த்தால் எரிசக்தியில் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சமாகும். ஒரு டன் சில்லு ஏறத்தாழ 1.2 டன் மூலப்பொருளுக்கு ஈடு. சோடாவும் சுண்ணாம்பும் வேகும்போது கரியமில வாயுவாக வெளியேறும் பங்கும் அந்த அளவுக்குக் குறையும். வயலில் கிடக்கும் பச்சைச் சில்லு ஒரு முறை உலையின் வெப்பத்தை வாங்கி வைத்திருக்கும் பொருள். அதைக் குப்பையாக்கினால் அந்த வெப்பமும் சேர்ந்தே குப்பையாகிறது.

எடைக்குப் போகும் இடம்

பழைய இரும்புக் கடையில் கண்ணாடிக்கு இரண்டு கணக்கு. முழு பாட்டில் என்றால் எண்ணி வாங்குவார்கள்; கழுவி மறுபடி நிரப்ப உதவும். உடைந்தது என்றால் எடைதான். இரும்பு, பித்தளை, அட்டை எல்லாம் போக, விலைப்பட்டியலின் அடியில்தான் அதற்கு இடம். கனம் அதிகம், காசு குறைவு, சாக்கைக் கிழிக்கும், கையைக் கிழிக்கும். லாரி வாடகைக்குக் கட்டாது என்று பல கடைகளில் சில்லை வாங்குவதே இல்லை. மலைப்பாதைப் பக்கத்து ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. சில்லை வாங்கும் ஆலைகள் தொலைவில் இருக்க, இங்கே சேரும் சில்லுக்கு வண்டிச் சத்தம் யார் கொடுப்பது?

விலை கிடைத்தால் கண்ணாடி தரையில் கிடக்காது என்பதையும் இந்த மண்ணே பார்த்திருக்கிறது. நீலகிரிக் காடுகளில் எறியப்பட்ட மதுபாட்டில்களின் சில்லு யானைகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பிறகு அது விரிந்த மாவட்டங்களில் தேனியும் ஒன்று. குடித்தவர் எறிந்தாலும் இன்னொருவர் பத்து ரூபாய்க்காக எடுத்துப் போகிறார். ஒரு பொருள் குப்பையா சரக்கா என்பதை அதன் மேல் வைக்கும் விலைதான் முடிவுசெய்கிறது.

திரும்பி வராத பாட்டில்களையும் மருந்துக் குப்பிகளையும் ஜன்னல் கண்ணாடிகளையும் பொறுக்குகிறவர்கள் தூய்மைப் பணியாளர்களும் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களும்தான். பயணத்தில் முதல் கை அவர்களுடையது. வெள்ளை, பச்சை, பிரவுன் என்று நிறம் பிரிப்பது அவர்களுக்குத் தெரியும். பீங்கான் கோப்பையின் ஒரு துண்டோ ஒரு கூழாங்கல்லோ சேர்ந்துவிட்டால் அது உருகாமல் நின்று மொத்தக் கண்ணாடியையும் கெடுக்கும் என்பதும் தெரியும். இந்தப் பிரிப்பு இல்லாமல் அடுத்த கட்டமே இல்லை. ஆனால் மணியின் விலையில் மிகக் குறைந்த பங்கு போய்ச் சேர்வது இந்தக் கைக்குத்தான். ஆறாத வெட்டுக்காயமும் இந்தக் கையில்தான்.

வைகைக் கரையின் பழைய மணிகள்

கண்ணாடி மணி இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிய பொருளும் அல்ல. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, முல்லையாற்றையும் சேர்த்துக்கொண்டு மதுரையைக் கடந்து ராமநாதபுரக் கடலோரம் வரை போகிறது. 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையின் கி. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு அந்த ஆற்றைத் தேனி மாவட்டத்து மலையடிவாரத்திலிருந்து முகத்துவாரம் வரை இரு கரையிலும் நடந்து ஆய்ந்து 293 தொல்லியல் இடங்களைக் குறித்தது. அப்படித் தெரிந்த இடங்களில் ஒன்றுதான் கீழடி. அங்கே தோண்டிய குழிகளில் பானை ஓடுகளோடும் தங்கத் துணுக்குகளோடும் கண்ணாடி மணிகளும் வந்தன. ஆறு கடலைத் தொடும் அழகன்குளத்திலும் கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஆற்றின் மேல்பகுதியில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. எழுத்தறிந்த மக்கள் அன்றே வாழ்ந்த நிலம் இது. மலைக்கு அந்தப் பக்கத்து முசிறித் துறையையும் இந்தப் பக்கத்து மதுரையையும் இணைத்த வணிகப் பாதைகளில் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கு வழியாகப் போனது என்பது ஆய்வாளர்கள் பலர் கருத்து. அந்தப் பாதையில் போன சுமைகளில் மணிகளும் இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

தமிழகத்தில் அத்தகைய மணிகளைச் செய்த பெரிய பட்டறை புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் இருந்தது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். பிறகு ழான் மாரி கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் எங்கிருந்தோ வந்தவை என்று சொல்லிவிடலாம். கண்ணாடிக் கட்டியும், வெட்டாத குழாய்த் துண்டுகளும், கெட்டுப்போன மணிகளும், செய்து மிஞ்சிய கழிவும் சேர்ந்தே கிடைத்ததால் இங்கேயேதான் செய்தார்கள் என்பது உறுதியாயிற்று. கடுகளவு, மிளகளவு இருக்கும் அந்தச் சிறு மணிகளுக்கு அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். அந்த வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை மண்ணுக்கடியில் கிடைக்கின்றன. இவ்வளவு தூரம் பரவிய கைப்பொருள் உலகில் வேறு அதிகம் இல்லை.

அரிக்கமேட்டில் இன்று ஒரு உலைகூட எரிவதில்லை. மணிகள் கெடாமல் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர்களின் செய்முறையும் மண்ணோடு போயிருக்க வேண்டியது. போகாமல் பிழைத்தது ஆந்திரத்தின் ஒரு ஊரால்.

ஒரு முனையைப் பிடித்து இழுத்தால்

ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் நடுவே இருக்கிறது பாப்பாநாயுடுபேட்டை. திருப்பதி போகும் நம் ஊர்க்காரர்கள் அதன் பக்கமாகவே போய் வந்திருப்பார்கள். உடைந்த கண்ணாடியை உருக்கி, பழைய இந்தோ பசிபிக் மணிகளுக்கு மிக நெருக்கமான முறையில் மணி செய்த கைகள் அங்கே இருந்ததை பிரான்சிஸ் நேரில் பார்த்து எழுதினார். அரிக்கமேட்டில் கிடைத்த குழாய்த் துண்டுகளுக்குப் பொருள் விளங்கியது அந்த உயிருள்ள பட்டறையைப் பார்த்த பிறகுதான்.

லாடா என்பது அங்கே ஒரு நீண்ட இரும்புக் குழாய். அதன் நுனியில் உருகிய கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிச் சேர்த்து, பலகையில் உருட்டிக் கூம்பாக்குகிறார்கள். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளை விடுகிறார்கள். பிறகு அதை மறுபடி உலைக்குள் வைக்க, உலையின் எதிர்ப்பக்கத் துவாரத்திலிருந்து மூத்த வேலைக்காரர் கொக்கியால் கூம்பின் நுனியைப் பிடித்து இழுக்கிறார். கூம்பில் இருந்த துளை இழைக்குள்ளும் நீண்டுகொண்டே வருகிறது. வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் பருக்கும். கையை எடுக்காமல், ஒரே சீராக, கூம்பு தீரும் வரை இழுக்க வேண்டும். அந்தச் சீர் எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. தகப்பன் கையைப் பார்த்து மகன் கைக்கு வருவது.

குழாய்களை முழ நீளத்துக்கும் அதிகமாக வெட்டிக் கட்டுக் கட்டாகப் பெண்களிடம் கொடுப்பார்கள். நிமிர்த்தி நட்ட ஒரு உளியின் மேல் குழாய்களை வைத்து, மேலிருந்து தட்டித் தட்டிப் பொடி மணிகளாக நறுக்குவார்கள். நறுக்கிய ஓரம் கத்தியாக இருக்கும். அதைச் சாம்பலோடு கலந்து சட்டியில் சூடேற்றிக் கிளறினால் ஓரம் உருகி மழுங்கும். சாம்பல் இரண்டு வேலை செய்கிறது: மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது, துளை அடைபடாமலும் காக்கிறது. பிறகு குத்தி, சலித்து, கழுவி, கோத்துவிட்டால் சரம்.

இந்த வேலை இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. இயந்திரத்தில் அச்சாகி வரும் மணியும் பிளாஸ்டிக் மணியும் விலையால் அமுக்கிவிட்டன. உலை வெக்கையில் நிற்கப் பிள்ளைகளுக்கு மனமில்லை என்றால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் நுனியை இழுக்கத் தெரிந்த கடைசிக் கை ஓய்ந்துவிட்டால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரிக்கமேட்டுக் கலை நம் கண் முன்னேயே இரண்டாவது முறை சாகும்.

சுடரில் சுற்றும் மணி

நம்முடைய பச்சைச் சில்லுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெரிய உலை வேண்டாம், கூட்டு ஆட்கள் வேண்டாம். ஒரு மேசை, ஒரு சுடர், ஒரு ஆள் போதும். பழைய காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிக் கூர்மையாக்கி அதில் கண்ணாடியை இளக்கினார்கள். அதனால்தான் இதற்கு விளக்கு வேலை என்று பெயர். இப்போது மண்ணெண்ணெயும் காஸும் வந்துவிட்டன. வெனிஸ் நகரம் 1291இல் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு அனுப்பியது. பின்னாளில் அங்கே இந்தச் சுடர் மணிக் கலை உச்சம் தொட்டது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்து புர்தில்நகரும் வாரணாசியும் இதற்குப் பெயர் பெற்றவை. வாரணாசிக் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வடக்கின் பெரிய கண்ணாடி ஊர் பிரோசாபாத். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு அங்கே நிலக்கரி உலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. மூட்டை மூட்டையாகக் கண்ணாடிச் சில்லு போய்ச் சேரும் ஊர் அது.

பாட்டில் சில்லு சுடரில் மணியாவதைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம்.

முதலில் லேபிளை ஊறவைத்து உரித்து, பசை போகக் கழுவ வேண்டும். கழுத்தும் அடியும் தடிமன் அதிகம். அவற்றை ஒதுக்கிவிட்டு நடு உடலைத் துணியில் சுற்றி உடைத்து, விரலகலச் சில்லுகளைப் பொறுக்க வேண்டும். குளிர்ந்த சில்லைச் சட்டென்று சுடருக்குள் நீட்டினால் வெடித்து முகத்தில் தெறிக்கும். சுடரின் ஓரத்தில் காட்டி, எடுத்து, மறுபடி காட்டி மெல்லச் சூடேற்றுவார்கள். சூடு ஏற ஏறக் கண்ணாடியிலுள்ள சோடியம் மஞ்சளாகப் பளீரென்று எரிந்து கண்ணைக் கூச வைக்கும். அந்த மஞ்சளை வடிகட்டவே டைடிமியம் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். முனை இளகியதும் இடுக்கியால் பிடித்து இழுத்தால் பென்சில் தடிமனில் ஒரு கம்பி. சில்லு கம்பியாகிவிட்டது.

இனி மணி. ஒரு இரும்புக் கம்பியின் நுனியை வெள்ளைக் களிமண் கரைசலில் முக்கிக் காய வைத்திருப்பார்கள். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி இரும்பைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இடது கையில் களிமண் கம்பி, வலது கையில் கண்ணாடிக் கம்பி. கண்ணாடி முனை ஆறிவரும் வெல்லப்பாகின் பதத்துக்கு வந்ததும் களிமண் கம்பியில் தொட்டு, அந்தக் கம்பியைத் தன்னிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டுகிறார். கண்ணாடி ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறுகிறது. சுடரால் இழையை அறுத்துவிட்டு, உருட்டுவதை மட்டும் நிறுத்தாமல் காத்திருக்கிறார். நிறுத்தினால் கண்ணாடி தன் கனத்தில் கீழே தொங்கிக் கோணிவிடும். உருட்டிக்கொண்டே இருந்தால் அதுவே தன்னை இழுத்துக் கட்டிக்கொண்டு உருண்டையாகும். மணியை உருண்டையாக்குவது கண்ணாடியே. அதற்கு நேரம் கொடுப்பது மட்டும்தான் கையின் வேலை.

நல்ல வேலையா இல்லையா என்பது இரு ஓரங்களில் தெரியும். துளையைச் சுற்றிய ஓரம் உள்ளே குழிந்து வழவழப்பாக முடிந்திருந்தால் நூல் பல வருஷம் நிற்கும். கூராக நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓரமே நூலை அறுத்துவிடும். கண்ணாடியைக் குறைத்துப் போட்டாலோ அளவு தவறிப் பரத்தினாலோ அந்தக் கூர் வரும்.

செய்து முடித்த மணியைக் காற்றில் விட்டுவிடவும் கூடாது. வெளிப்புறம் முதலில் ஆறி இறுகும், உள்ளே சூடு நிற்கும். அந்த இழுபறியில் அன்றோ, ஒரு மாதம் கழித்தோ மணி இரண்டாகப் பிளக்கும். அதனால் சுடச்சுடச் சூடான சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். சூளை இருந்தால் 500 டிகிரிக்குச் சற்று மேலே நிறுத்தி வைத்து மெல்ல இறக்குவார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: பச்சை பாட்டிலின் கண்ணாடியையும் பிரவுன் பாட்டிலின் கண்ணாடியையும் ஒரே மணியில் சேர்ப்பது ஆபத்து. ஒவ்வொரு ஆலையின் கலவையும் சூட்டில் விரியும் அளவு வேறு. அளவு ஒத்துப்போகாத இரண்டு சேர்ந்தால் ஆறும்போது விரிசல்தான். பாட்டில் கண்ணாடியில் மணி செய்கிறவர் ஒவ்வொரு பாட்டிலின் சில்லையும் தனித் தனி டப்பாவில் வைத்துக்கொள்வது இதனால்தான். குப்பை பொறுக்குகிறவர்கள் வெள்ளை, பச்சை, பிரவுன் என்று பிரித்த அதே ஒழுங்கு, சுடருக்கு முன்னால் இன்னும் நுட்பமாகத் தொடர்கிறது.

சந்தைக்கு வந்த சரம்

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா. முல்லையாற்றங்கரையில் அக்கினிச்சட்டி எடுத்து வருகிறவர்களின் கூட்டத்துக்கு நடுவே வளையல் கடை, ராட்டினம், பொரிகடலைக் கடை, ஓரமாகத் துணி விரித்த பாசிமணிக் கடை. கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலை போகிறவர்களின் வண்டிகள் தேனியையும் கம்பத்தையும் கடக்கும். அந்தச் சாலையோரமும் மாலை வியாபாரம்தான். இந்தக் கடைகள் பலவற்றை நடத்துகிறவர்கள் நரிக்குறவர்கள். தமிழ்நாட்டில் கண்ணாடி மணியைக் கடைசியாகத் தொட்டு உருப்படியாக்கும் கை அவர்களுடையது. சின்னக் குறட்டால் கம்பியை வளைத்து, மணியை நுழைத்து, அடுத்த வளையத்தில் மாட்டி, மிச்சத்தைக் கத்தரித்துவிடுகிறார்கள். பேச்சு வாங்குபவரோடு நடந்துகொண்டிருக்கும். விரல் மணியைப் பார்க்காமலே வேலை செய்யும். தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பல காலம் கோரிக்கை வைத்த இந்தச் சமூகத்துக்காக 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது.

ஒரு மணியை வாங்கும்போது வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே கோடுகளும் குமிழிகளும் துளையைச் சுற்றி வளைந்து ஓடினால் அது சுடரில் சுற்றிய மணி. துளையோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடினால் குழாயாக இழுத்து நறுக்கியது. இரு பாதியைச் சேர்த்த தழும்பாக ஒரு கோடு மணியின் உடலில் ஓடினால் அச்சில் வார்த்தது. துளைக்குள் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது களிமண் பூச்சின் மிச்சம். அழுக்கென்று நினைக்க வேண்டாம், ஒரு ஆள் கம்பியில் சுற்றிச் செய்ததற்கான அடையாளம். உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக். இவ்வளவும் தெரிந்த பிறகு பத்து ரூபாய்க்குப் பேரம் பேச எனக்கு வாய் வருவதில்லை. நாம் குறைத்துக் கேட்கும் விலையில் கண்ணாடியின் பங்கு மிகச் சிறிது. குறைவதெல்லாம் பொறுக்கிய கை, இழுத்த கை, சுற்றிய கை, கோத்த கை ஆகியவற்றின் கூலி.

இங்கேயே ஒரு சுடர்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் க்ரோபோ மக்கள் இதே கண்ணாடிக் கழிவை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். பாட்டிலை இடித்து மாவாக்கி, களிமண் அச்சுக் குழிகளில் நிரப்புகிறார்கள். துளைக்காக ஒவ்வொரு குழியிலும் ஒரு மரவள்ளி இலைக்காம்பை நட்டுவிடுகிறார்கள். சூளையில் கண்ணாடி இறுகி மணியாகும்போது காம்பு எரிந்து துளையாகிவிடுகிறது. அவர்கள் பெண் பிள்ளைகளின் பருவச் சடங்கில் இந்த மணிகளுக்கு முக்கிய இடம் உண்டு. கோஃபோரிடுவா நகரில் வியாழக்கிழமைதோறும் மணிக்கென்றே சந்தை கூடுகிறது. வெளிநாட்டார் தேடி வந்து வாங்குகிறார்கள். அங்கே கலை பிழைத்ததற்குக் காரணம் கண்ணாடி அல்ல, நம் ஊரிலும் அது கிடக்கிறது. செய்கிறவரின் சமூகம் அதை அணிகிறது, சந்தை அதற்கு விலை கொடுக்கிறது. இந்த இரண்டும் இருப்பதால் அடுத்த தலைமுறை உலை முன்னால் உட்காருகிறது.

கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்த இரண்டும் எட்டாதவை அல்ல. அணிகிற பழக்கம் இங்கே எப்போதும் உண்டு. திருவிழாவும் மலைப்பயணமும் தேக்கடி, மேகமலை சுற்றுலாவும் ஆண்டு முழுக்க ஆட்களைக் கொண்டுவருகின்றன. பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் வந்த மாவட்டம் என்பதால் முழு பாட்டிலைச் சேர்க்கும் வழி ஏற்கனவே போட்டாயிற்று. உடைந்ததையும் நிறம் பிரித்து வாங்க ஒரு விலை வைத்தால் வயலுக்குள் போகும் சில்லு குறையும். பிரோசாபாத்தில் கண்ணாடித் தொழில் மேம்பாட்டு மையம் இருக்கிறது. புர்தில்நகரிலும் வாரணாசியிலும் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைத் தேனிக்கு வரவழைத்து, மகளிர் குழுவிலும் நரிக்குறவர் குடியிருப்பிலும் சில பேருக்குச் சுடர் வேலையைக் கற்றுக்கொடுப்பது ஒரு மாவட்ட நிர்வாகத்தின் சக்திக்கு மீறிய காரியம் அல்ல. கோப்பதில் தேர்ந்த விரல்களுக்குச் சுற்றுவதும் வந்துவிட்டால் நடுவில் நிற்கும் தரகின் பெரும்பகுதி அவர்கள் வீட்டிலேயே தங்கும். காற்றோட்டமான கொட்டகை, கண்ணுக்குக் கண்ணாடி, களிமண் பொடியும் கண்ணாடித் தூளும் மூச்சில் ஏறாமல் முகக்கவசம் ஆகியவை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். வடக்கின் வீட்டுப் பட்டறைகளில் பலரும் நுரையீரலைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் மறுபடி அப்படிக் கற்க வேண்டியதில்லை.

அவசரம் கண்ணாடிக்கு இல்லை. வாய்க்கால் பாலத்தடியில் கிடப்பது இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து எடுத்தாலும் உருகும். பாப்பாநாயுடுபேட்டையில் நுனியைப் பிடித்து இழுக்கும் கைக்கும், புர்தில்நகரில் கம்பியை உருட்டும் கைக்கும் அந்த ஆயிரம் வருஷம் கிடையாது. அவர்கள் இருக்கும்போதே போய்க் கற்றுக்கொண்டால்தான் உண்டு.